டிரைவர்ஸ் அந்தப் பக்கம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டிப் பார்க்கப் போயிருந்தோம். ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். மைதானத்தில் பந்தல் போட்டு, பலூன் கட்டி, ஒரு கார் கம்பெனி தன்னுடைய செடானையும் போட்டிக் கம்பெனிகளின் இரண்டு செடான்களையும் வரிசையாக நிறுத்தியிருந்தது. மூன்றையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்து எது நல்ல வண்டி என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று போனில் கூப்பிட்டிருந்தார்கள். செலவு முழுக்கக் கம்பெனியுடையது. டீ, சமோசா, ஒரு சாவிக்கொத்து இலவசம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அந்த மூன்றில் வேறு எது நடத்தியிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் நடத்தியிருக்கும்.

நாங்கள் என்றால் நான்கு பேர். அண்ணன், அண்ணி, எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி, இதை எழுதும் கை. அண்ணன் பதினான்கு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். முதலில் ஆக்டிங் டிரைவர். பிறகு சிறுசேரிக்கும் மகேந்திரா சிட்டிக்கும் ஐ.டி. ஊழியர்களை ஏற்றி இறக்கிய கம்பெனி கேப். இப்போது இன்னொருவர் வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து ஆப்பில் ஓட்டுகிறார். வாடகையும் பெட்ரோலும் போனால் மீதி என்ன என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. அண்ணிக்கு மட்டும் தெரியும். சொந்தமாக ஒரு மஞ்சள் போர்டு வண்டி எடுக்கலாம் என்று இரண்டு வருடமாகப் பேச்சு. தாட்கோ மூலம் முதலமைச்சரின் தொழில்முனைவுத் திட்டத்தில் விண்ணப்பித்தால் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் மானியம். மீதி வங்கிக் கடன். மானியம் பெரிய உதவிதான். ஆனால் ஐந்து வருடம் தவணை கட்டப்போவது நாம்தான். வண்டி தப்பாகப் போனால் ஒரு குடும்பமே உட்கார்ந்துவிடும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேடிக்கை பார்க்கும் நாளாக இல்லை.

வாசலில் டேப்லெட்டோடு ஒரு பையன் நின்றான். எங்களுக்கு முன்னால் போன குடும்பத்தை வரவேற்று உள்ளே அனுப்பினான். அண்ணனைப் பார்த்ததும் மரியாதையாகவே சொன்னான்: “டிரைவர்ஸ் அந்தப் பக்கம்ணா. டீ இருக்கு.”

வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வந்தவர்களின் ஓட்டுநர்கள் ஐந்தாறு பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் போய்விட்டார்.

எதிர்த்துப் பேசவில்லை, முகம் சுளிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் நடந்தார். பதினான்கு வருடப் பழக்கம். எந்த மண்டபத்துக்குப் போனாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவருக்கு ஒரு ‘அந்தப் பக்கம்’ இருந்திருக்கிறது. கால் தானாகப் போகிறது. அண்ணிதான் சத்தம் போட்டார்: “ஏங்க, எங்க போறீங்க? ஓட்டத்தான வந்தோம்?” மைதானமே திரும்பிப் பார்த்தது.

பையன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். இருபத்திரண்டு வயதிருக்கும். நாள் கூலிக்கு வந்தவன். அன்று பூராவும் வெயிலில் நின்றவன். அவன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவன் எங்களிடம் சாதி கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டையை, செருப்பை, நிற்கும் விதத்தைப் பார்த்தான். பத்து நொடியில் ஒரு முடிவுக்கு வந்தான். டிரைவர் என்று சொன்னதில் பொய்யும் இல்லை. அண்ணன் டிரைவர்தான். ஒரு டிரைவர் கார் வாங்க வருவார் என்பது மட்டும் அந்த டேப்லெட்டில் இல்லை.

தம்பிக்கு உடனே சாலிஸ்கான் ஞாபகம் வந்துவிட்டது. முந்தின வாரம்தான் படிப்பகத்தில் அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ வாசித்து முடித்திருந்தோம். 1929-இல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகப் போன அம்பேத்கரை, சாலிஸ்கான் ரயிலடியிலிருந்து மகர்வாடாவுக்கு அழைத்துப்போக அங்கிருந்த நம் மக்கள் ஒரு டோங்கா பிடிக்கப் பார்க்கிறார்கள். நடந்தே போகக்கூடிய தூரம்தான். ஆனாலும் அவரை நடத்திக் கூட்டிப்போக அவர்களுக்கு மனமில்லை. தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட எந்த டோங்காக்காரரும் தயாராக இல்லை. வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மட்டும் மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். பாலத்தில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் கற்கள் மேல் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிகிறது. படித்தபோது பெரிதாகத் தோன்றாத ஒரு விஷயம் அந்த வேப்ப மரத்தடியில் எங்களுக்கு உறைத்தது. அங்கே வண்டி ஓட்டுவதுகூட நமக்குச் செய்யக் கூடாத சேவையாக இருந்தது. இன்று ஓட்டுகிற இடம் நமக்கு வந்துவிட்டது. ஓட்டத் தெரிந்தவர் என்ற மதிப்பு கூடவே வரவில்லை.

படிவம் கொடுத்தார்கள். பெயர், போன், இப்போது வைத்திருக்கும் கார், வேலை செய்யும் நிறுவனம், பதவி. அண்ணன் பதவி என்ற இடத்தில் ‘ஓட்டுநர்’ என்று எழுதினார். வாங்கிப் பார்த்த விற்பனைப் பிரதிநிதி, “டாக்ஸிக்குத் தனி மாடல் இருக்கு சார், அது இங்க கொண்டு வரல” என்றார். பரவாயில்லை, இதையே ஓட்டிப் பார்க்கிறோம் என்றோம். வரிசையில் கடைசியில் போட்டார்கள்.

காத்திருந்த நேரத்தில் அண்ணன் தன் பரிசோதனையை ஆரம்பித்துவிட்டார். மூன்று வண்டியிலும் முதலில் பார்த்தது டயர். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2322 என்றால் 2022-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பழைய வண்டி வாங்கும்போது உதவும். கம்பெனி வண்டியின் டயர் புத்தம் புதிது. போட்டி வண்டிகளில் ஒன்று நிறைய ஓடியது. முன் டயரில் காற்றுக் கொஞ்சம் குறைவு என்று காலால் அழுத்தியே சொன்னார். காற்று அடித்துவிட்டு ஓட்டலாமா என்று கேட்டதற்கு, “அப்படியே ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார்கள். கம்பெனி வண்டி அதன் உச்ச மாடல். மற்ற இரண்டும் நடுத்தர மாடல்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மாடலின் பெயர் கண்ணாடியில் சின்ன எழுத்தில் ஒட்டியே இருந்தது.

அடுத்து, விரலைக் கதவு இடுக்கில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்கும் வித்தை. எங்கள் தெருவில் கார் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் வரிசையில் வேலை பார்த்த ஒரு மாமா சொல்லிக்கொடுத்தது. நாம் இருப்பது கார் செய்யும் சீமை, அதை மறந்துவிடுகிறோம். இதே ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் மறைமலை நகர். ஃபோர்டு ஐகான் என்ற செடான் 1999-இல் அங்கிருந்துதான் வந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்து, 2022 ஜூலையில் அங்கே கடைசிக் கார் வெளியே வரும்வரை இந்தச் சாலையில் ஷிப்ட் பஸ்கள் ஓடின. மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் இன்றும் ஆரா என்ற செடானைச் செய்கிறது. கதவு மாட்டியவர்கள், சீட் தைத்தவர்கள், ஒயரிங் இழுத்தவர்கள் நம் தெருக்களில் நிறைய. அவர்களை உட்காரவைத்து எந்த வண்டி நல்ல வண்டி என்று கேட்கும் நிகழ்ச்சி ஒன்று இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

அங்கே நின்ற மூன்றும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன செடான்கள். இந்த ரகம் பிறந்த கதையைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2006 மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குள் நீளமும் சின்ன இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார்கள். செடான் என்றால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டிக்கிதான் அழகு. வரிக்காக அந்த டிக்கியை வெட்டினார்கள். 2008-இல் டாடா இண்டிகோ சிஎஸ் அப்படி வந்தது. 2012-இல் மாருதி டிசையரும் 3,995 மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. நான்கு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவு! இன்றும் அதே கோடுதான்: 2025 செப்டம்பர் 22 முதல், கோட்டுக்கு உள்ளே இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம். அரசு ஒரு அளவுகோலை வைத்தது. கார் தன் உடம்பையே அதற்கு ஏற்ப வெட்டிக்கொண்டது. “அப்போ தகுதிங்கறது வண்டிக்குள்ள இல்ல, அளக்கறவன் கையிலதான் இருக்கு” என்றான் தம்பி. அவன் நீட் எழுதிப் பார்த்துவிட்டு வந்தவன். எதைப் பார்த்தாலும் அவனுக்கு அது ஞாபகம் வரும்.

எங்கள் முறை வந்தது. மண்டபத்திலிருந்து வண்டலூர், அங்கே திரும்பி கேளம்பாக்கம் சாலையில் கொஞ்ச தூரம், மறுபடி மண்டபம். நல்ல தார், அகலமான சாலை. உள்தெரு ஒன்றில் போய் வரலாமா என்று அண்ணன் கேட்டார். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்: உயரமான வேகத்தடை, தோண்டி மூடாத பள்ளம், மழை வந்தால் முழங்கால் தண்ணீர். வண்டியின் அடி தட்டுமா தட்டாதா என்பது அங்கேதான் தெரியும். “ரூட் மாத்தக் கூடாது சார், இன்சூரன்ஸ் பிரச்சினை” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஆள். நால்வரும் ஏறிக்கொள்கிறோம், ஏசியை முழுக்க வைத்து மேம்பாலம் ஏறிப் பார்க்கிறோம் என்றோம். ஓட்டுபவரோடு ஒருவர்தான் வரலாம் என்றார். டாக்ஸிக்காரருக்கு வண்டி காலியாக ஓடும் நேரம் நஷ்டம். நான்கு பேரும் நான்கு பெட்டியும் ஏறிய பிறகு வண்டி எப்படி இழுக்கிறது என்பதுதான் அவர் பிழைப்பு. அதற்கு அந்தச் சாலையில் இடம் இல்லை.

கம்பெனி வண்டியில் போனபோது, “இப்ப அழுத்துங்க சார், பாருங்க எப்படிப் பறக்குது” என்றார். அடுத்த வண்டியில் அதே இடத்தில், “சத்தம் கேக்குதா சார்?” என்றார். சத்தம் கேட்டதுதான். காற்றுக் குறைந்த டயரின் சத்தம் அது என்று இறங்கிய பிறகு அண்ணன் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியின் வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி. கிளட்ச் லேசாக இருந்தது, ஸ்டியரிங் நேராகப் போனது, பிரேக் நம்பிக்கையாக இருந்தது. நேர்மையாகப் போட்டி வைத்திருந்தாலும் அது தோற்றிருக்காது என்பது அண்ணனின் கணக்கு. அப்புறம் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று தம்பி கேட்டான். எங்களிடம் பதில் இல்லை.

ஓட்டி முடித்ததும் மதிப்பெண் தாள். பத்துக் கேள்விகள். எந்த வண்டியின் டச் ஸ்கிரீன் உங்களைக் கவர்ந்தது? எந்த வண்டியின் அலாய் வீல் ஸ்டைலாக இருந்தது? எந்த வண்டியில் பிரீமியம் உணர்வு அதிகம்? சமூகவியல் முதுகலையில் கேள்வித்தாள் தயாரிப்பது பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறோம். பதிலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் கேள்வியைக் கேட்காதே என்பது முதல் வகுப்பிலேயே சொல்வது. உச்ச மாடலில் மட்டும் இருக்கும் பத்துப் பொருளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டால் இந்தத் தாள் தயார். டிக்கி பற்றி ஒரு கேள்வி இல்லை. ஆராவுக்கு 402 லிட்டர், புதிய டிசையருக்கு 382, அமேஸுக்கு 416, டிகோருக்கு 419 என்று விளம்பரத்தாளிலேயே போடுகிறார்கள். ஆனால் சிஎன்ஜி சிலிண்டர் வைத்த பிறகு எவ்வளவு மிஞ்சும்? ஸ்டெப்னி எங்கே போகும்? விமான நிலையச் சவாரியில் இரண்டு பெரிய பெட்டி போகுமா? சர்வீஸுக்கு எத்தனை நாள் வண்டி நிற்கும், அந்த நாள் வருமானத்துக்கு என்ன வழி? அண்ணனிடம் கேட்டிருந்தால் இதைப்போல முப்பது கேள்வி சொல்லியிருப்பார்.

அண்ணியிடம் தாளே தரவில்லை. லைசென்ஸ் இருப்பவர்களுக்கு மட்டும்தானாம். வண்டிக்கு முன்பணம் வரப்போவது அண்ணியின் மகளிர் குழுக் கடனில். அவர் பாட்டுக்கு நின்ற வண்டியின் பின் சீட்டில் ஏறி, நடுவில் உட்கார்ந்து பார்த்தார். தரையில் மேடு, கால் வைக்க இடமில்லை. சேலையோடு இறங்கும்போது வாசற்படி தடுக்கியது. சீட் பெல்ட் கழுத்தை அறுத்தது. “இது யார் உசரத்துக்குச் செஞ்சது?” என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமானதில்லை. உலகம் முழுக்க மோதல் சோதனைகளில் அதிகம் உட்கார்ந்த பொம்மை, 1970-களில் அமெரிக்காவில் உருவான ஹைப்ரிட் 3. ஏறக்குறைய 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை கொண்ட ஒரு ஆண். அண்ணி ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஒரு உடம்பை எல்லாருடைய உடம்பாகவும் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் கார் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அதே மோதல் சோதனையில் இருந்து கற்றுக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதலில் சோதித்த முடிவுகளை 2014-இல் வெளியிட்டபோது, பாதுகாப்பு வசதி மிகக் குறைவாக உள்ள அடிப்படை மாடலையே எடுத்து மோதவிட்டது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ என ஐந்துக்கும் பூஜ்ஜிய நட்சத்திரம். உச்ச மாடலை எடுத்திருந்தால் சிலவற்றுக்காவது கௌரவமான எண் கிடைத்திருக்கும். இல்லாதவர் எந்த மாடலை வாங்குவாரோ அதை எடுத்து மோதிப் பார்த்ததால்தான் உண்மை வெளியே வந்தது. பிறகு காற்றுப்பை கட்டாயமானது, உடற்கூடு பலமானது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே ஒரு சோதனை வந்தது. 2024-இல் வந்த புதிய டிசையர் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. சோதனையை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பது பத்து வருடத்தில் கார்களையே மாற்றிவிட்டது.

தம்பி விடவில்லை. ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டான். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில், மறுபடி மறுபடி தேர்வெழுதி வந்தவர்கள் 2016–17-இல் 12.47 சதவீதம், 2020–21-இல் 71.42 சதவீதம். ஒரு வருடமோ இரண்டு வருடமோ வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் போக யாருக்கு முடியுமோ அவர்கள் வந்தார்கள். “அவங்க டாப் மாடல்ணா. நான் காத்து இறங்குன டயரோட ஓடுனேன். ரோடு ஒண்ணுதான்னு சொல்லுவாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தான். எங்களால் கூடச் சிரிக்க முடியவில்லை. காரை மனிதனோடு ஒப்பிடுவதில் எங்களுக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கார் தோற்றால் அதற்கு வலிக்காது. அவனுக்கு வலித்தது.

மதிப்பெண் தாளை அண்ணன் பத்துக் கேள்விக்கும் நிரப்பினார். நேர்மையாகவே நிரப்பினார், டச் ஸ்கிரீன் எது பெரிதோ அதற்கே டிக். அடியில் ‘கருத்துகள்’ என்று ஒரு கோடு விட்டிருந்தார்கள். அதில் பொடி எழுத்தில், ‘இரண்டாவது வண்டிக்கு முன் இடது டயரில் காற்று அடிக்கவும்’ என்று எழுதினார். யார் வண்டியாக இருந்தாலும் சாயங்காலம் வரை இன்னும் எத்தனையோ பேர் ஓட்டுவார்களே என்று அவருக்குக் கவலை. திரும்பும்போது வேப்ப மரத்தடியில் இருந்த டிரைவர்களோடு பத்து நிமிடம் நின்று பேசினார். அந்த மூன்று வண்டியையும் வருடக்கணக்காக ஓட்டியவர்கள் அங்கே இருந்தார்கள். எந்த வண்டி எத்தனையாவது கிலோமீட்டரில் கிளட்ச் கேட்கும், எந்த வண்டியின் ஏசி மே மாதம் திணறும், எந்தக் கம்பெனியின் சர்வீஸில் பில் ஏறும் என்று எங்களுக்கு வேண்டிய பதில்கள் முழுக்க அந்த நாற்காலிகளில் இருந்தன. அண்ணன் அந்தப் பக்கம் போனது முழுக்க வீண் இல்லை என்று அண்ணி கிண்டல் செய்தார். அண்ணனும் சிரித்தார். ஆனால் அடுத்த முறை யாராவது கையைக் காட்டினால் கால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

நான்கு பேரும் உட்கார்ந்து எங்கள் கேள்வித்தாளை எழுதியிருக்கிறோம். முப்பத்தொரு கேள்வி; ஏழு அண்ணியுடையது. வார நாட்களில் ஷோரூம் ஷோரூமாகப் போகிறோம். முதல் ஷோரூமில் நால்வரையும் ஏறவிடவில்லை. இரண்டாவதில் மேனேஜர் ஒரு பெண். தாளை வாங்கிப் படித்துவிட்டு, தானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டு, ஐந்து பேரோடு எங்கள் தெருவுக்கே வண்டியைக் கொண்டுவர அனுமதித்தார். வேகத்தடையில் அடி தட்டியது. குறித்துக்கொண்டோம். வங்கியில் விலைப்பட்டியல் கேட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

வரும் புதன்கிழமை மூன்றாவது ஷோரூம். டிக்கியை அளக்க இரண்டு பெரிய சூட்கேஸ் வேண்டும். நம் வீடுகளில் இருப்பதெல்லாம் துணிப்பையும் டிராவல் பேக்கும்தான். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் யாரிடமாவது இருந்தால் செவ்வாய் மாலைக்குள் படிப்பகத்தில் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம்.